தேனீயிடம் பொருளாதாரம் படித்த தஞ்சாவூர்க்காரர்: ஜே.சி.குமரப்பா யார்? வரப்புப் பூக்களுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

ஜனவரி 30 என்றால் காந்தி நினைவு நாள். காலண்டரைப் பார்க்காமலே சொல்லிவிடுவோம். அதே ஜனவரி 30-ல், 12 ஆண்டுகள் கழித்து, 1960-ல் மதுரையில் இன்னொருவர் இறந்தார். காந்தியின் பொருளாதார அறிஞர் என்று அறியப்பட்டவர். பிறந்தது தஞ்சாவூரில். பெயர் ஜே.சி.குமரப்பா.

காந்தியப் பொருளாதாரம்னு சொன்னதும் ராட்டை, கதர், கைக்குத்தல் அரிசி என்று ஒரு படம் மனதில் ஓடும். ஆனால் குமரப்பா தன்னுடைய முக்கியமான புத்தகத்தில், மனிதர்கள் எப்படிப் பிழைக்க வேண்டும் என்பதை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு பூச்சி. தேனீ!

இன்று உலகம் முழுக்க விவசாய நிலங்களில் தேனீ, வண்டு, பட்டாம்பூச்சி போன்ற மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகளுக்கு இடம் விடுவது பற்றிப் பேச்சு நடக்கிறது. கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர் பக்கத்து வயல் வரப்புகளுக்கும் இந்தப் பேச்சு பொருந்தும். அதைப் புரிந்துகொள்ள, இந்தத் தஞ்சாவூர்க்காரரின் வாழ்க்கையை ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம்.

யார் இந்தக் குமரப்பா?

1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில், ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். அப்பா பொதுப்பணித் துறை அதிகாரி. வசதியான குடும்பம். வீட்டுப் பழக்கவழக்கங்கள் எல்லாம் ஆங்கிலேய பாணி.

சென்னையில் படிப்பு முடித்து, கணக்குத் தணிக்கை படிக்க லண்டன் போனார். அங்கேயே தொழிலும் பழகினார். 1919-ல் ஊர் திரும்பி, பம்பாயில் கூட்டாளியோடு தணிக்கை நிறுவனம் நடத்தினார். நல்ல வருமானம், கோட்டு சூட்டு, கிளப் வாழ்க்கை. இன்றைய மொழியில் சொன்னால், செட்டில் ஆன ஆடிட்டர்.

1927-ல் அமெரிக்கா போனது அவர் வாழ்க்கையை மாற்றியது. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்துவிட்டு, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தார். அங்கே ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பது பற்றிப் பேசினார். அந்தப் பேச்சு பற்றிய செய்தி பத்திரிகையில் வர, அதைப் பார்த்த அவருடைய பேராசிரியர் எட்வின் செலிக்மன், இதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள் என்று தூண்டினார்.

பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் எப்படி வரி வசூலிக்கிறது, அந்தப் பணம் எங்கே போகிறது என்று வரவு செலவுக் கணக்கை வரிவரியாகப் பார்த்தார். ஆடிட்டர் அல்லவா! கணக்கு பேசியது. ஏழை விவசாயியிடம் எடுத்த பணம் அவனுக்குத் திரும்பி வரவே இல்லை என்பது தெரிந்தது. எடுப்பது எவ்வளவு, திருப்பிக் கொடுப்பது எவ்வளவு என்ற இந்தக் கேள்விதான் பிறகு அவரைத் தேனீ வரைக்கும் கொண்டுபோனது.

சாணி மெழுகிய தரையில் ஒரு சந்திப்பு

ஆய்வைப் புத்தகமாகப் போடும் எண்ணத்தோடு 1929 மே 9 அன்று சபர்மதி ஆசிரமத்துக்குக் காந்தியைப் பார்க்கப் போனார். மரத்தடியில், சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்து ஒரு முதியவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். குமரப்பா கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்தார். அவர்தான் காந்தி என்று பேச்சு கொடுத்த பிறகுதான் தெரிந்தது. மடிப்புக் கலையாத உடையோடு தரையில் உட்கார்ந்தார். பிறகு அந்தத் தரையை விட்டு எழவே இல்லை என்றே சொல்லலாம்.

காந்தி அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். குஜராத்தின் கேடா மாவட்டத்தில், மாதர் தாலுகா கிராமங்களின் பொருளாதார நிலையைக் கணக்கெடுக்க வேண்டும். குஜராத்தி தெரியாது, கிராமமும் புதிது. ஆனாலும் குஜராத் வித்யாபீட மாணவர்களோடு ஊர் ஊராக, வீடு வீடாகப் போய் வரவு செலவு எழுதினார். இந்திய கிராமத்தை அவர் அறிந்துகொண்டது இப்படித்தான்.

கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டு, குமரப்பா என்ற குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டதும் இந்தக் காலத்தில்தான். உப்புச் சத்தியாகிரகத்தின்போது காந்தியின் 'யங் இந்தியா' இதழைக் கவனித்துக்கொண்டார். எழுத்துக்காகச் சிறைக்கும் போனார். கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

மூன்றணா கணக்கு

அவர் குணம் எப்படி என்று தெரிய ஒரு சம்பவம் போதும். 1934-ல் பீகாரில் பெரும் நிலநடுக்கம். நிவாரணப் பணத்துக்குக் கணக்குப் பார்க்கும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்றணா மட்டுமே செலவு என்று விதி வைத்தார்.

அப்போது காந்தி தன் குழுவோடு அங்கே வந்தார். அவர்களின் சாப்பாட்டுச் செலவும் கார் செலவும் மூன்றணாவில் அடங்காது. குமரப்பா நேராகப் போய், இந்தச் செலவை நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று சொல்லிவிட்டார். காந்தி கோபப்படவில்லை, ஏற்றுக்கொண்டார். யாராக இருந்தாலும் எடுக்கும் பணத்துக்குக் கணக்கு உண்டு. இதில் குமரப்பா விட்டுக்கொடுக்கவே மாட்டார்.

மகன்வாடியில் தேன் பெட்டி

1934 டிசம்பரில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பட்டது. தலைமையிடம் வார்தாவில் உள்ள மகன்வாடி. செயலாளர் குமரப்பா. எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம், சோப்பு, பனை வெல்லம், தோல் பதனிடுதல் என்று பல தொழில்களை இங்கே சோதித்துப் பார்த்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள். தேனீ வளர்ப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது.

காட்டுத் தேனடையைப் புகை போட்டு, அடையோடு பிழிந்து எடுக்கும் பழைய முறையில் தேனோடு புழுக்களும் நசுங்கும், கூடும் அழியும். பெட்டியில் வளர்த்தால் சட்டத்தை மட்டும் எடுத்து, சுழற்றித் தேனைப் பிரித்துவிட்டு, அடையைத் திரும்ப வைத்துவிடலாம். கூடு பிழைத்துக்கொள்ளும். தமிழர்களுக்கு இதில் முன் அனுபவமும் உண்டு. அப்போது திருவிதாங்கூரில் இருந்த மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் 1920-களிலேயே விவசாயிகளுக்குத் தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்தது. மார்த்தாண்டம் தேன் இன்றும் பெயர் பெற்றது.

குமரப்பாவுக்குத் தேன் பெட்டி ஒரு கைத்தொழில் மட்டும் அல்ல. எடுத்த இடத்தை அழிக்காமல் எடுக்க முடியும் என்பதற்குக் கண் முன்னால் இருந்த ஆதாரம்.

சிறையில் எழுதிய புத்தகம்: தேனீ எங்கே வருகிறது?

1942 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் கைதாகி, ஜபல்பூர் சிறையில் இருந்தார். அங்கே எழுதியதுதான் 'நிலைத்த பொருளாதாரம்' என்று தமிழில் சொல்லத்தக்க புத்தகம். காந்தி அதற்கு முன்னுரை எழுதினார். இயற்கையில் உயிர்கள் பிழைக்கும் வழிகளை ஐந்து வகையாகப் பிரித்து, மனிதர்களின் பொருளாதாரத்தையும் அதே தராசில் நிறுத்துகிறார் குமரப்பா. எளிமையாகச் சொன்னால்:

• ஒட்டுண்ணி வகை: உணவு தரும் உயிரையே அழித்துப் பிழைப்பது. ஆட்டைக் கொன்று தின்னும் விலங்கு மாதிரி.

• கொள்ளை வகை: அழிப்பதில்லை, ஆனால் எதையும் திருப்பித் தருவதில்லை. மாந்தோப்பில் புகும் குரங்கு மாதிரி.

• முயற்சி வகை: எடுக்கிறது, எடுக்கும்போதே கொடுக்கவும் செய்கிறது. தேனீ பூவிலிருந்து தேனும் மகரந்தமும் எடுக்கிறது. அந்த வேலையிலேயே பூ கருவுற்று, காய் பிடித்து, விதை உண்டாகிறது.

• கூட்டு வகை: தனக்காக இல்லாமல், தன் கூட்டத்துக்காக உழைப்பது. இங்கேயும் தேனீதான் உதாரணம்.

• சேவை வகை: பிரதிபலன் பார்க்காமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது. குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப் பறவை மாதிரி.

மனிதன் முதல் இரண்டு படிகளிலிருந்து மேலே ஏற வேண்டும் என்பது அவருடைய வாதம். சும்மா அறநெறி பேசவில்லை, இது கணக்கு. நிலம், நீர், காடு போன்றவற்றிலிருந்து எடுத்ததைத் திருப்பி வைக்காத பொருளாதாரம் ஒரு கட்டத்தில் தானாகவே நின்றுபோகும். அதனால்தான் 'நிலைத்த' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். 'சஸ்டைனபிள்' என்று இன்று மீட்டிங்கில் நாம் சொல்வதைத்தான் 1940-களில் அவர் சொன்னார்.

இன்னொன்றையும் அவர் திட்டமிட்டார். ஒரு லட்சம் பேருக்குச் சத்தான சாப்பாடு வேண்டுமானால், நிலத்தில் எவ்வளவு தானியம், எவ்வளவு பருப்பு, எண்ணெய் வித்து, காய், பழம், பருத்தி பயிரிட வேண்டும் என்று பட்டியல் போட்டார். சந்தை கேட்கும் ஒரே பயிரைக் கண்ணுக்கெட்டிய தூரம் நடுவதை அவர் ஏற்கவில்லை. அவர் பூச்சியியலாளர் அல்ல. ஆனால் ஒரே பயிர் இருக்கும் நிலத்தில் தேனீ பிழைக்காது, பல பயிர் பூக்கும் நிலத்தில் பிழைக்கும் என்று இன்றைய சூழலியல் சொல்வது அந்தப் பட்டியலோடு ஒத்துப்போகிறது.

நெல்லுக்குத் தேனீ தேவையே இல்லையே?

நியாயமான கேள்வி. நெற்பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும். ஒரு தேனீகூட இல்லாவிட்டாலும் சம்பா விளையும். உளுந்தும் பாசிப்பயறும்கூடப் பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கைதான். அப்படியானால் டெல்டாவுக்கு இந்தப் பேச்சு எதற்கு?

சாப்பாட்டுத் தட்டைப் பாருங்கள். சோறு மட்டுமா இருக்கிறது?

பூசணி, சுரை, பாகல், பீர்க்கு, புடலை எல்லாவற்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூவின் மகரந்தத்தை ஒரு பூச்சி கொண்டுவந்து சேர்க்காவிட்டால் பிஞ்சு வெம்பி விழும். சாயங்காலத்துக்கு மேல் மலரும் பூக்களுக்கு அந்துப்பூச்சிகளும் வேண்டும். கத்தரிப் பூ இன்னும் சுவாரஸ்யம். அதன் மகரந்தம் சிறு துளை வழியாகத்தான் வெளியே வரும். தச்சுத்தேனீ போன்றவை பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரமிட்டு அதிர வைத்தால் நன்றாகக் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. எள், தென்னை, மா, முருங்கை ஆகியவற்றிலும் பூச்சி வந்தால் காய்ப்பு கூடும்.

உலகின் முக்கிய உணவுப் பயிர்களில் முக்கால்வாசி, கொஞ்சமாவது விலங்குகளின் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருப்பதாக ஐ.நா. ஆதரவில் இயங்கும் பல்லுயிர் அறிஞர் குழு 2016-ல் அறிக்கை தந்தது. விளைச்சலின் எடையில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு. சோறு காற்றிலும் தன்னாலும் விளைகிறது. குழம்பும் பொரியலும் பழமும் பூச்சியால் விளைகின்றன.

குமரப்பா தோற்ற இடங்கள்

1938-ல் காங்கிரஸ் தேசியத் திட்டக் குழுவை அமைத்தது. தலைவர் நேரு. குமரப்பாவும் உறுப்பினர். பெரிய தொழிற்சாலைகளை மையமாக வைத்த திட்டம் அவருக்கு ஒத்துவரவில்லை. சில மாதங்களில் விலகிவிட்டார்.

விடுதலைக்குப் பிறகு, காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவரானார். 1949-ல் வந்த அறிக்கை, இடைத்தரகர் முறை ஒழிய வேண்டும், உழுபவனுக்கு நிலத்தில் உரிமை வேண்டும், நில உடைமைக்கு உச்சவரம்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. மிராசுதார்களும் குத்தகைதாரர்களும் பண்ணையாட்களும் நிறைந்த தஞ்சாவூரில் பிறந்தவருக்கு இதன் அர்த்தம் நன்றாகத் தெரிந்திருக்கும். அறிக்கையின் பெரும்பகுதி காகிதத்தோடு நின்றது.

டிராக்டர், ரசாயன உரம் இரண்டின் மீதும் அவருக்குச் சந்தேகம். டிராக்டர் உழும், ஆனால் சாணி போடாது என்பதுபோன்ற கணக்கு அவருடையது. ரசாயன உரம் பயிரைத் தூண்டிவிட்டு மண்ணைக் களைப்படையச் செய்யும் என்று எச்சரித்தார். பழமைவாதி என்று பேர் கிடைத்தது.

1950-களில் உடல்நலம் கெட்டது. மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். உலகின் பெரிய பல்கலைக்கழகத்தில் படித்த ஆடிட்டர், ஒரு சிற்றூரின் எளிய குடிலில் தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். 1960 ஜனவரி 30 அன்று மதுரையில் காலமானார்.

அவர் போன பிறகு தஞ்சாவூரில் நடந்தது

1960-61-ல், ஃபோர்டு அறக்கட்டளை உதவியோடு இந்திய அரசு தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்தைத் தொடங்கியது. விதை, ரசாயன உரம், பூச்சிமருந்து, கடன் எல்லாம் ஒரே பொட்டலமாக விவசாயிக்கு வரும். முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் ஒன்று தஞ்சாவூர். குமரப்பா பிறந்த ஊர்!

இதைக் கதையின் வில்லன் என்று சொல்லிவிட முடியாது. நாடு அப்போது அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நின்றது. விளைச்சலைக் கூட்டுவது உயிர்ப் பிரச்சினை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் 1922 முதல் இயங்கும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த குறுகிய கால ரகமான ஆடுதுறை 27, குறுவைச் சாகுபடியையே மாற்றியது. பசி குறைந்தது.

இங்கே இன்னொரு பெயரும் வருகிறது. பசுமைப் புரட்சியின் முகமான எம்.எஸ்.சுவாமிநாதன் 1925-ல் பிறந்தது கும்பகோணத்தில். குமரப்பா போன பாதைக்கு எதிர்ப் பாதை என்று தோன்றும். ஆனால் 1968-லேயே, வாரணாசியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், மண்ணைச் சுரண்டும் சாகுபடியும் கண்மண் தெரியாத மருந்துத் தெளிப்பும் ஆபத்தில் முடியும் என்று எச்சரித்தவரும் அவரே. பிறகு என்றும் நீடிக்கும் பசுமைப் புரட்சி பற்றிப் பேசினார். ஒரே காவிரிக் கரையில் பிறந்த இருவர், எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து தொடங்கி, ஒரே கவலையில் வந்து நின்றார்கள்.

வரப்பு எப்படி வெறிச்சோடியது?

டெல்டா வயல் ஆண்டில் பல மாதங்கள் தண்ணீரில் நிற்கும். உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை, தனித்தனியாக மண்ணைத் துளைத்துக் கூடு வைப்பவை. வயல் முழுக்கத் தண்ணீர் என்றால் அவற்றுக்குக் காய்ந்த மண் எங்கே? வரப்பு, வாய்க்கால் கரை, குளக்கரை, களத்துமேடு. இவ்வளவுதான்.

பூவும் அங்கேதான். தும்பை, கிணற்றடிப்பூண்டு, கரிசலாங்கண்ணி, துளசி என்று யாரும் நடாமல் முளைப்பவை. நெல் மட்டும் நிற்கும் மாதங்களில் தேனீக்கு இவைதான் சாப்பாட்டுக்கடை. சிறிய தேனீக்கள் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதும் இல்லை. ஆகவே எங்கோ தூரத்தில் காடு இருந்தால் போதாது, பக்கத்து வரப்பில் பூ இருக்க வேண்டும்.

இப்போது பல இடங்களில் வரப்பில் களைக்கொல்லி அடித்துவிடுகிறார்கள். ஆள் கூலி கட்டுப்படியாகவில்லை, செதுக்க ஆள் கிடைப்பதும் இல்லை. இதைச் செய்யும் விவசாயியைக் குறை சொல்வது எளிது. அவர் பக்கமும் கணக்கு இருக்கிறது. வரப்பு அகலமாக, புதராக இருந்தால் எலி வளை தோண்டும். அதனால்தான் அண்டை வெட்டி, வரப்பைச் சிறிதாக வைக்கச் சொல்கிறது வேளாண் துறையும்.

அடுத்தது மருந்து. தை மாதம் சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே ஈரத்தில் உளுந்து, பயறு விதைத்துவிடுவார்கள். மாசியில் பூக்கும். அதே சமயம் வெள்ளை ஈ வந்து மஞ்சள் தேமல் நோயைப் பரப்பும். அதற்கு அடிக்கும் மருந்துகளில் இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் போன்றவை உண்டு. இவை செடிக்குள் ஊடுருவி, மகரந்தத்திலும் தேனிலும் கலந்துவிடக்கூடியவை. தேனீக்கு ஆபத்து என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இந்த வகையின் மூன்று மருந்துகளைத் திறந்தவெளிப் பயிர்களில் தடை செய்தது.

சரி, என்ன செய்யலாம்?

பெரிய பட்ஜெட் வேண்டாம். டெல்டாவுக்குப் பொருந்துபவை இவை:

1. எல்லா வரப்பையும் வழிக்காதீர்கள். உள் வரப்புகளை எலிக்காகச் சிறிதாக வையுங்கள். வாய்க்கால் கரை, எல்லை வரப்பு, பம்புசெட் ஓரம், இவற்றைத் தொடாமல் விடலாம். எலிக்கு இருக்கவே இருக்கிறது நம்ம தஞ்சாவூர் கிட்டி. இரவில் ஆந்தை உட்கார வயலில் பறவை தாங்கியும் நடலாம்.

2. வரப்பில் பயிர் வையுங்கள். உளுந்து, தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி, செண்டுமல்லி. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமே இதைப் பரிந்துரைக்கிறது. இதில் நெல்லுக்கும் நேரடி லாபம் உண்டு. வரப்புப் பூவில் தேன் குடிக்க வரும் சின்னஞ்சிறு குளவிகள், நெல்லைத் தாக்கும் தண்டுத் துளைப்பான், இலை சுருட்டுப் புழு போன்றவற்றின் முட்டையில் முட்டையிட்டு அழித்துவிடும். தேனீ வேண்டாத நெல்லும் பூவால் பிழைக்கிறது.

3. பூக்கும்போது தெளிக்காதீர்கள். தவிர்க்கவே முடியாது என்றால், தேனீக்கள் கூடு திரும்பிய சாயங்கால நேரத்தில் மட்டும். பக்கத்து வரப்புப் பூவில் மருந்து படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. மரத்தை நினையுங்கள். கோடையில் வயல் காய்ந்து கிடக்கும்போது புங்கனும் வேம்பும் நாவலும் பூக்கும். தென்னை ஆண்டு முழுக்கப் பாளை விடும். வாய்க்கால் கரையில் நிற்கும் ஒரு புங்க மரம், அந்தப் பகுதித் தேனீக்களுக்குக் கோடைக்கால ரேஷன் கடை.

5. பட்ட மரம், மண்சுவர், காய்ந்த மூங்கில். தச்சுத்தேனீயும் கொசுத்தேனீயும் கூடு வைக்கும் இடங்கள். சுத்தம் செய்கிறேன் என்று எல்லாவற்றையும் எரிக்க வேண்டாம்.

பெட்டித் தேனீ வைத்தால் போதாதா? உதவும். 2020-ல் மத்திய அரசு 500 கோடி ரூபாயில் தேனீ வளர்ப்புத் திட்டம் அறிவித்தது. ஆனால் பெட்டியை மட்டும் நம்புவது ஒரே கூடையில் எல்லா முட்டையையும் வைத்த கதை. 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் வைரஸ் நோய் ஒன்று இந்தியத் தேனீக் கூட்டங்களைக் கொத்துக்கொத்தாக அழித்தது. மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்பாளர்களுக்கு அந்த அடி மறக்காது. காட்டுத் தேனீக்கள் பக்கத்தில் இருந்தால் ஒன்று விழும்போது இன்னொன்று தாங்கும்.

கணக்கு யாருடையது?

கடைசியாக, குமரப்பா விடாமல் கேட்கும் கேள்வி: செலவு யாருக்கு, பலன் யாருக்கு?

கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் கோயில், மடம், தனியார் நிலங்களில் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர்கள் நிறையப் பேர். அடுத்த ஆண்டு இந்த நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர், சில ஆண்டு கழித்துப் பூக்கும் புங்கங்கன்றை ஏன் நட வேண்டும்? வரப்பில் அரை அடி விட்டால் அந்த அரை அடி நெல் நஷ்டம் அவருக்கு. அந்த வரப்பில் வளரும் தேனீயால் பலன் அடைவதோ, பக்கத்துக் கத்தரித் தோட்டமும் அடுத்த தெருப் பூசணிக்கொடியும் சந்தையில் காய் வாங்கும் நீங்களும் நானும்.

1949-ல் குமரப்பா குழு உழுபவனுக்கு நில உரிமை கேட்டதை, இன்று தேனீயின் கண்ணோடும் படிக்கலாம். நிலத்தில் நீண்ட நாள் இருப்போம் என்ற நம்பிக்கை இருந்தால்தான் யாரும் நிலத்துக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். வரப்பில் பூ விட்டவருக்கு ஊக்கத்தொகை, நீண்ட காலக் குத்தகை, வாய்க்கால் கரையில் ஊராட்சியே மரம் நடுவது என்று வழிகள் இல்லாமல் இல்லை. தனி விவசாயியின் தலையில் மட்டும் இந்தப் பாரத்தை வைப்பது, குமரப்பா மொழியில், மாந்தோப்புக் குரங்கின் வேலை.

1973-ல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற 'சிறியதே அழகு' புத்தகத்தில், ஷூமாக்கர் குமரப்பாவின் கருத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். வெளிநாட்டுப் பொருளாதார மாணவர்கள் அவரை அப்படித்தான் அறிகிறார்கள். தே.கல்லுப்பட்டி ஆசிரமத்தில் அவருடைய நினைவிடம் இருக்கிறது.

அடுத்த முறை கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால், போனைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு வரப்புகளைப் பாருங்கள். பூ தெரிகிற வரப்பு எது, மருந்தில் கருகிப் பழுப்பாய்க் கிடக்கிற வரப்பு எது என்று எண்ணிக்கொண்டே போகலாம். மூன்றணாவுக்குக் கணக்குக் கேட்ட மனிதரின் ஊர் வந்து சேரும்போது, உங்களிடமும் ஒரு கணக்கு இருக்கும்.